டீச்சர், அந்தப் பாஸை எடுத்துக்கொள்ளுங்கள்

ஸ்ரீரங்கத்திலிருந்து புளோரிடாவின் ஆர்லாண்டோவில் இருக்கும் பெண் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருடம் பாடம் எடுத்தவள், இப்போது பகல் முழுக்க ஆள் நடமாட்டமில்லாத தெருவை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றீர்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் உங்கள் இருவருக்கும் இங்குள்ள டிஸ்னி பொழுதுபோக்குப் பார்க்குகளுக்கு வருடப் பாஸ் எடுத்துத் தருகிறோம் என்கிறார்களாம். "குழந்தைகள் ஆடுகிற இடத்தில் அறுபதைத் தாண்டிய எங்களுக்கு என்ன அக்கா வேலை? காசுக்குக் கேடுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர். நான் மதுரைக்காரி. 1989இல் நியூஜெர்சிக்கு வந்து, ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, 2015இல் நானும் வீட்டுக்காரரும் இங்கே குடிவந்தோம். கொரோனா காலம் நீங்கலாக, எங்களிடம் பாஸ் இல்லாத வருடம் கிடையாது. எனக்கு இப்போது அறுபத்தொன்பது வயது.

வந்த புதிதில் பேரப்பிள்ளைகளோடு ஒரு நாள் போய்க் கால் வீங்கித் திரும்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு நாள் டிக்கெட்டே நூறு டாலருக்கு மேல். அதை வாங்கிக்கொண்டு போகிறவர்கள், கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்று காலையிலிருந்து இரவு வரை ஓடுவார்கள். பாஸ் கையில் இருந்தால் அந்த ஓட்டம் தேவையில்லை. இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். மழை வந்தால் கிளம்பிவிடலாம். ஒன்றையும் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டும் வரலாம். ஊரில் ரங்கநாதர் கோயிலுக்குத் தினமும் போனபோது எல்லாச் சன்னதியையும் பார்த்தா வந்தீர்கள்? ஒரு பிரகாரம் சுற்றி, தெரிந்தவர்களோடு நாலு வார்த்தை பேசி, இருட்டுவதற்குள் வீடு வந்திருப்பீர்கள். இங்கேயும் அப்படித்தான் போகவேண்டும்.

உத்திர வீதியில் சாயங்காலம் நடந்தது ஞாபகம் வருகிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். டிஸ்னி பார்க்குகளில் ஒன்றான எப்காட்டில் பெரிய ஏரி ஒன்று உண்டு. அதன் கரையைச் சுற்றி மெக்சிகோ, நார்வே, சீனா என்று தொடங்கி கனடா வரை பதினோரு நாடுகளின் அரங்குகள். ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் வரும். மேடு பள்ளம் இல்லாத நல்ல தரை, வழி நெடுக உட்கார இடம், சுத்தமான கழிப்பறை. மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியில் நடந்து பழகிய கால் எனக்கு. இந்த ஏரிக்கரையில் அந்த நடை திரும்பக் கிடைத்தது. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் போவோம். நடைக்கு இதைவிட நல்ல இடத்தை இந்த ஊரில் நான் பார்க்கவில்லை.

நடை மட்டுமில்லை, பேச்சும் கிடைக்கும். அங்கே வேலை பார்க்கிறவர்கள் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டையில் அவரவர் சொந்த ஊரும் எழுதியிருக்கும். யாரைப் பார்த்தாலும் "எந்த ஊரு?" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே வந்த புதிதில் அக்கம்பக்கத்தில் அப்படிக் கேட்கத் தயங்கி வாய் மூடி இருந்திருப்பீர்கள். அங்கே தயக்கமே வேண்டாம், பதில் அவர்கள் நெஞ்சிலேயே இருக்கிறது. ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்து "அது எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள், போதும். ஜப்பான் அரங்கின் கடையில் ஒசாகாவிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவள் பாட்டி பிளம் காயை உப்பில் ஊறவைப்பதை அவள் சொல்ல, மாவடு போடுவதை நான் சொல்ல, அப்படியே பழகிவிட்டோம். ஒரு வருடத்தில் ஊருக்குத் திரும்பிப் போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். உங்கள் ஆங்கிலம் தடுமாறுகிறது என்ற கவலையும் வேண்டாம். அவர்களில் பலருக்கும் அது இரண்டாவது மொழிதான், பொறுமையாகக் கேட்பார்கள்.

எப்காட்டிலேயே கண்ணாடிக் கூடங்களுக்குள் படகில் கூட்டிப்போய் விவசாயம் காட்டுவார்கள். மண்ணே இல்லாமல் தண்ணீரில் வளரும் செடிகள், கொத்தாகத் தொங்கும் தக்காளி, வாழை, பலா. பலாக்காயைப் பார்த்ததும் உங்கள் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படகில் நிற்கக் கூடாது.

மேஜிக் கிங்டம் என்ற இன்னொரு டிஸ்னி பார்க்கில் நான் தவறாமல் போவது ஒரே ஓர் இடத்துக்கு. கரோசல் ஆஃப் பிராகிரஸ் என்று பெயர். 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக வால்ட் டிஸ்னி செய்வித்தது, 1975இல் இங்கே வந்தது. மேடை அப்படியே இருக்க, நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலி வரிசைகள் அதைச் சுற்றி நகரும். ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் இருபதாம் நூற்றாண்டு எப்படி நுழைந்தது என்பதுதான் கதை: சமையலறையில் கைப்பம்பு, பிறகு மின்விசிறி, பிறகு ஃபிரிட்ஜ். இளம் பிள்ளைகள் பாதியில் தூங்கிவிடுவார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் அம்மா ஞாபகம்தான். ஊதுகுழலை வைத்துக்கொண்டு விறகடுப்பில் கண் எரிய நின்றவள், வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்த அன்று அதற்குக் குங்குமம் வைத்துத்தான் பற்றவைத்தாள். கைப்பம்பு, கேஸ், செல்போன் எல்லாம் ஒரே ஆயுளில் பார்த்த தலைமுறை நாம். அந்த அரங்கம் நமக்காகவே கட்டியது என்று எனக்குத் தோன்றும்.

விலங்குகளைப் பார்க்கும் டிஸ்னி பார்க்கான அனிமல் கிங்டமில் இந்தியா, நேபாளச் சாயலில் ஆனந்தபூர் என்று ஒரு கற்பனை ஊர் இருக்கிறது. இடிந்த அரண்மனைச் சுவர்களுக்கு நடுவே புலி படுத்திருக்கும். காலை வேளையில் போனால் நன்றாகப் பார்க்கலாம். டிஸ்னிக்குப் போட்டியான யூனிவர்சல் பார்க்குகளுக்கும் பாஸ் உண்டு, ஆனால் அங்கே குலுக்கித் தூக்கிப்போடும் சவாரிகள்தான் அதிகம்; நம் வயதுக்கு முதல் பாஸாக அதைச் சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். டிஸ்னி பார்க்குகளுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாட்டில் கூடாது. எங்கள் பையில் எப்போதும் தயிர்சாதமும் மோர்மிளகாயும் இருக்கும். குளிர்பானம் விற்கும் உணவுக் கவுண்டரில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகவே தருவார்கள்.

வெயிலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். திருச்சி வெயில் பார்த்த எங்களுக்கு இதென்ன என்று நினைக்காதீர்கள். இது வியர்வை காயாத புழுக்கம். முதல் வருடம் ஜூலையில் ஒரு மத்தியானம் வீட்டுக்காரர் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். முதலுதவி அறையில் ஒரு மணி நேரம் படுக்கவைத்தோம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள். அந்த மாதங்களில் பிற்பகல் இடிமழை ஏறக்குறைய தினமும் உண்டு. அதேபோல் கழுத்து, முதுகு, இதயத்துக்கு எச்சரிக்கைப் பலகை வைத்த எதிலும் ஏறாதீர்கள், பேரன் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. கிரீன் கார்டில் வந்த பெற்றோர் அறுபத்தைந்து வயதானாலும், ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே வசித்த பிறகுதான் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேர முடியும். அதுவரை ஓர் எலும்பு முறிவு பெண் குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடும்.

எந்தப் பாஸ் என்று கேட்டால், பிக்ஸி டஸ்ட் பாஸ் போதும். புளோரிடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் தருவது, இருப்பதில் விலை குறைந்தது. சனி ஞாயிறும் பண்டிகை நாட்களும் செல்லாது, வேலைக்குப் போகாத நமக்கு அதனால் என்ன? நாலைந்து தடவை போனாலே போட்ட காசு வந்துவிடும், பார்க்கிங்கும் அதில் அடக்கம். மாதத் தவணையாகவும் கட்டலாம். பல நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு முன் போவதென்றால் முன்பதிவு வேண்டும்; அதற்குப் பின் பெரும்பாலும் வேண்டியதில்லை. விலை அடிக்கடி ஏறுகிறது, சில சமயம் விற்பனையையே நிறுத்தியும் வைத்திருக்கிறார்கள், அதனால் வாங்கும் நாளில் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஊருக்குப் போய் நாலைந்து மாதம் இருக்கும் உத்தேசம் இருந்தால் இப்போது எடுக்காதீர்கள், திரும்பி வந்தபின் எடுங்கள்.

கார் ஓட்டத் தெரியாது என்றீர்கள். லிங்ஸ் என்னும் இந்த ஊர் டவுன் பஸ் டிஸ்னிக்குள் வரை போகிறது. முதல் இரண்டு தடவை பெண்ணைக் கூட்டிக்கொண்டு வழி பழகிக்கொள்ளுங்கள், மூன்றாவது தடவை நீங்கள் இருவர் மட்டும் போங்கள். சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வரும்போது, இன்று என்ன பார்த்தோம் என்று சொல்ல உங்களிடம் ஒன்று இருக்கும்.

பாஸ் வாங்க இங்கே குடியிருப்பதற்குச் சான்று கேட்பார்கள், அதனால் முதலில் புளோரிடா அடையாள அட்டைக்குப் போங்கள். மார்ச்சில் எப்காட்டில் பூத்திருவிழா தொடங்கிவிடும்.