கணவர் கையெழுத்துக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை

கேள்வி: எனக்கு 31 வயது; இரண்டு குழந்தைகள். கடலூர் முதுநகரில் வசித்துக்கொண்டு சிப்காட்டில் ஒப்பந்தப் பணி செய்கிறேன். காப்பர்-டி பொருத்தியிருந்தும் கரு உண்டாகி 11 வாரம் ஆகிறது. வெளிநாட்டிலுள்ள கணவர் கலைக்கச் சம்மதிக்கவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்கிறது தனியார் மருத்துவமனை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொள் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். என்ன செய்வது?

பதில்: தங்கள் ஒருவரின் சம்மதமே போதும். 1971-ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம், 3(4) பிரிவின்படி, சிறுமியருக்கும் மனநோய்க்கு உள்ளானவருக்கும் மட்டுமே காப்பாளரின் சம்மதத்தைக் கேட்கிறது. சம்மதத்துக்கான 'படிவம் சி'யை வாங்கிப் பாருங்கள். 'இன்னாரின் மகள் / மனைவி' என்று ஒரு கோடிட்ட இடம் இருக்கும். அது தங்களை அடையாளம் காட்டுவதற்கே தவிர, கணவர் கையெழுத்திடுவதற்கு அன்று. குடும்பத்தாரின் சம்மதம் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2022 செப்டம்பர் 29 அன்று அளித்த தீர்ப்பில் கூறியிருக்கிறது.

ஆயினும், கேட்ட மாத்திரத்தில் கலைத்துத் தரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 20 வாரம் வரை, கரு தொடர்ந்தால் தாயின் உடலுக்கோ மனத்துக்கோ கடும் பாதிப்பு நேரும் என்று பதிவுபெற்ற மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்துடன் கருத வேண்டும். கருத்தடைச் சாதனம் பொய்த்து உண்டான கருவினால் வரும் வேதனையை அத்தகைய பாதிப்பாகவே கொள்ளலாம் என்று அதே பிரிவின் விளக்கம் கூறுவதால், தங்கள் காப்பர்-டி அட்டை இங்கே முக்கியமான சான்று.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியை முதல் இரண்டு பேறுகளோடு நிறுத்திக்கொள்ளும் மாநிலத்தில், மூன்றாவது வேண்டாம் என்று வரும் பெண்ணைக் கையெழுத்து கேட்டுத் திருப்பி அனுப்புவது எனக்கு விளங்காத முரண். அப்படித் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள்தாம் மருந்துக் கடையில் போய் நிற்கிறார்கள். மாத்திரை வழிக் கருக்கலைப்புக்கு விதிகள் இடம் தருவது 9 வாரம் வரை, அதுவும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே; தங்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவக் காரணமின்றியோ, கணவரின் சம்மதமின்றியோ, அவருக்குத் தெரியாமலோ செய்யும் கருக்கலைப்பு மனரீதியான கொடுமையாகக் கருதப்படக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் ஒரு விவாகரத்து வழக்கில் குறிப்பிட்டது. மருத்துவமனை அவரைக் கேட்கத் தேவையில்லை; ஆனால் தாங்கள் எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் ஒரு குறுஞ்செய்தியிலாவது அவருக்குத் தெரிவித்து, அதைப் பத்திரமாக வைத்திருங்கள். மற்றபடி, தங்கள் விவரத்தை மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

சட்டப்படி நடந்த கருக்கலைப்புக்கு ஆறு வார ஊதிய விடுப்பு உண்டு, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அங்கே கோருங்கள்.

12 வாரத்தைத் தாண்டினால், அதற்கு அங்கீகாரம் பெற்ற இடங்கள் குறைந்துவிடும். ஆகவே ஸ்கேன் அறிக்கையுடன் இந்த வாரமே கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புதுச்சேரிக்குப் போனாலும் இதே மத்தியச் சட்டம்தான். எங்கேனும் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.