சிம்னியை விட்டுச் சுவர் வழியே ஃபேர்னஸ் புகை: எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பழைய வீடு. வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபேர்னஸை மாற்றுகிறோம். புதியதற்குச் சிம்னி வேண்டாம், பிளாஸ்டிக் குழாயைப் பக்கச் சுவரால் வெளியே விடலாம் என்கிறார் பொருத்துபவர். குழாய் உருகாதா? காஸில் எரியும் சுடுதண்ணீர்த் தாங்கியின் புகை மட்டும் சிம்னி வழியே போகலாமா?

பதில்: உருகாது. இந்த வகை ஃபேர்னஸ் எரிவாயுவின் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்கே எடுத்துவிடும். புகையில் மிஞ்சும் சூடு குறைவு. ஆனால் கழிவுநீர்க் குழாய் கூடாது. எஸ்636 (புகைக் குழாய்களுக்கான கனடியத் தரம்) என்று அச்சிட்ட குழாய்தான் வேண்டும். வளைவுத் துண்டு, பசைக்கு முன் பூசும் பிரைமர், பசை எல்லாம் அதே நிறுவனத்துடையவையாக இருக்கட்டும்.

புகையிலுள்ள நீராவி குழாய்க்குள்ளேயே அமிலத் தண்ணீராகிறது. அது ஃபேர்னஸுக்குத் திரும்பி வடிய, அடிக்குக் கால் அங்குலச் சாய்வு தேவை. குழாய் நடுவில் தொய்ந்தால் தண்ணீர் தேங்கிப் புகையை மறிக்கும். அந்த அடைப்பை உணரும் அழுத்த சுவிட்ச் ஃபேர்னஸை நிறுத்திவிடும்.

வெளிமுனை, பனி குவியக்கூடிய மட்டத்துக்கு மேல் 12 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். திறக்கும் சன்னலிலிருந்து, ஒரு இலட்சம் பிடியு (மணிக்கான வெப்ப அளவு, BTU) வரையான ஃபேர்னஸுக்கு 12 அங்குலம், அதற்கு மேல் 36. காஸ் மீட்டரில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து 3 அடி விடுங்கள். இரு வீட்டாரும் நடக்கும் பொதுச் சந்துக்கு மேலே முனையை வைக்கக் கூடாது.

எனக்குப் பெரிய கவலை உங்கள் இரண்டாவது கேள்விதான். இரண்டு கருவிகளுக்காகக் கட்டிய சிம்னி, தாங்கி ஒன்றுக்கு மட்டும் மிகப் பெரிது. அதன் சிறிதளவு புகை குளிர்ந்து, மேலெழாமல் பேஸ்மென்டுக்கே திரும்பலாம். காபன் மோனொக்சைட் வருவது இப்படித்தான். ஈரம் செங்கல் சாந்தையும் அரிக்கும். தாங்கிக்கு அளவான உலோக லைனரை (உள்குழாயை) சிம்னிக்குள் இறக்குங்கள், இல்லாவிட்டால் புகையை விசிறியால் வெளியே தள்ளும் தாங்கிக்கு மாறுங்கள். ஃபேர்னஸ் விலையைக் கேட்கும்போதே இதற்கும் எழுத்தில் விலை வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் கதவு சன்னல்களை மூடி, சமையலறை, குளியலறை விசிறிகளையும் துணி உலர்த்தியையும் ஓடவிடுங்கள். சுடுதண்ணீரைத் திறந்து தாங்கி எரியத் தொடங்கி 5 நிமிடம் கழித்து, அதன் தலையிலுள்ள புகைக் கூம்பின் ஓரத்தில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளினால் தாங்கியை அணைத்துச் சன்னல்களைத் திறந்து, ரி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையம், TSSA) சான்றுள்ள காஸ் தொழில்நுட்பரை அழையுங்கள். ஒன்ராறியோவில் இந்த வேலையை வேறெவரும் செய்யக் கூடாது. படுக்கையறைகளுக்கு வெளியே காபன் மோனொக்சைட் அலாரம் சட்டப்படி கட்டாயம். அது அலறினால் எல்லாரும் வெளியே வந்த பிறகு 911ஐ அழையுங்கள்.