காட்டுயிர் மீட்புப் பணிக்குப் போகிறேன் என்கிறாள் மகள்: மன்னார்குடிப் பக்கத்துத் தாய் ஒருவருக்கு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படிக்கும் உங்கள் மகள், மீன் குட்டையைச் சுற்றிக் கட்டியிருந்த நைலான் வலையில் சிக்கிய மடையான் கொக்கு ஒன்றை விடுவித்த நாளிலிருந்து, காட்டுயிர் மீட்புக் குழுவில் தன்னார்வலராகச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பதாகவும், படிப்பு கெட்டுவிடுமோ, பாம்பு கடித்துவிடுமோ, இதெல்லாம் ஒரு வேலையா என்று உறவினர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று நீங்கள் கலங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுப்புங்கள். ஆனால் பொதுத்தேர்வு முடிந்த பிறகு அனுப்புங்கள். அதற்குள் அந்தக் குழுவை நீங்களே நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

தேர்வு முடியட்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் மகள் கால்நடை மருத்துவம் படிக்க விரும்பினால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் பாடங்களில் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டுதான் நிரப்புகிறது; அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டுமே நீட் தேர்வு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரத்தநாட்டிலேயே அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. அங்கே இடம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அரை மதிப்பெண், கால் மதிப்பெண்ணில் முடிவாகும் விஷயம். அந்தத் தரவரிசையில் தன்னார்வச் சான்றிதழுக்கு மதிப்பெண் எதுவும் கிடையாது. இதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விலங்குகள் மீது உண்மையான அக்கறை உள்ள பிள்ளை இதைப் புரிந்துகொள்ளும்.

சான்றிதழுக்குப் பயன் இல்லையென்றால் எதற்காகப் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கோயிலில் கோபுரத் திருப்பணிக்குச் சாரம் கட்டியபோது, பொந்திலிருந்து கூகை என்னும் ஆந்தையின் குஞ்சு ஒன்று கீழே விழுந்துவிட்டது. சாக்குருவி ஆகாது, தூக்கிப் போடு என்றார்கள் சிலர். பால் ஊற்று என்றார்கள் வேறு சிலர். அழைப்பு கிடைத்து வந்தவள் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண். வந்தவள் யாரிடமும் வாதிடவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, பழைய வேட்டித் துணி ஒன்றைக் குஞ்சின் மேல் போர்த்தி எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினாள். அதுவரை சீறிக்கொண்டிருந்த குஞ்சு, இருட்டில் அடங்கிப் போனது. பெட்டியோடு எடை போட்டு, வெறும் பெட்டியின் எடையைக் கழித்து, கிராம் கணக்கில் பதிவேட்டில் எழுதினாள். சிறகிலும் காலிலும் முறிவு இல்லை என்று கால்நடை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, வனத்துறையின் அனுமதியோடு, வேலை நடக்காத பக்கத்துப் பொந்தில் குஞ்சை வைத்துவிட்டு, எதிர்த் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டாள். தாய்ப் பறவை எலியைக் கவ்விக்கொண்டு வந்து இறங்கியபோது இரவு எட்டரை மணி. அதுவரை அவள் ஒரு படம்கூட எடுக்கவில்லை. அந்த நேரத்தையும் பதிவேட்டில் குறித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மீட்புப் பணி என்பது பெரும்பாலும் இதுதான். கூண்டு கழுவுவது, தீவனம் அளப்பது, எடை எழுதுவது, தொலைபேசியில் பேசுபவரிடம் பதற்றப்படாமல் பேசுவது, எல்லாவற்றுக்கும் மேலாக, தொடாமல் இருப்பது. பறவைக் குஞ்சின் வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய் உயிரையே எடுத்துவிடும். வெளிமானைத் துரத்திப் பிடித்தால், காயம் ஏதும் இல்லாமலேயே, அந்த அச்சத்தாலும் தசைச் சிதைவாலும் அது சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ இறந்துபோகக்கூடும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து கோடியக்கரைக் காட்டைச் சின்னாபின்னமாக்கியபோது உதவ ஓடிய கைகள் நிறைய இருந்தன. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்த கைகள் வேண்டும் என்பதை நான் உணர்ந்தது அப்போதுதான்.

உங்கள் மகளுக்கு இதில் கிடைக்கப்போவது தன்னைப் பற்றிய தெளிவு. கொண்டுவரப்படும் உயிர்கள் எல்லாம் பிழைப்பதில்லை. எலி மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்று தலை தொங்கிப் போன ஆந்தையை ஒரு பிள்ளை கையில் வாங்கும்போது, அது விடியும்வரை தாங்காது என்று தெரிந்தும் மறுநாள் காலை கூண்டைக் கழுவ வருகிறாளா என்பதை எந்த நுழைவுத்தேர்வும் சோதிப்பதில்லை. என்னிடம் வந்த மாணவர் ஒருவர் மூன்று வாரத்திலேயே, எனக்கு விலங்குகளைக் கொஞ்சத்தான் பிடித்திருக்கிறது, இந்த வேலை பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வேறு படிப்புக்குப் போனார். ஐந்தரை ஆண்டுப் படிப்பின் நடுவில் அது தெரிந்திருந்தால் எவ்வளவு வேதனை என்று எண்ணிப் பாருங்கள். இன்னொரு மாணவிக்கு ஊசியும் கத்தியும் ஒத்துவரவில்லை. ஆனால் எந்தப் பறவை எந்த மாதத்தில், எந்த ஊரிலிருந்து, என்ன காயத்தோடு வருகிறது என்று பதிவேட்டைப் புரட்டுவதில் நேரம் போவதே தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்கு நான் காட்டிய வழி காட்டுயிரியல்.

குழுவைப் பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டுயிர் அரசின் சொத்து. நல்லெண்ணத்தோடு எடுத்தவரும் 48 மணி நேரத்துக்குள் உரிய அலுவலரிடமோ காவல் நிலையத்திலோ தெரிவித்தாக வேண்டும். ஆகையால், உங்கள் சரக வனச்சரகரைத் தெரியுமா, மீட்ட உயிரை யாரிடம் எப்போது ஒப்படைக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதே குற்றம் என்றிருக்க, மீட்ட கிளியைப் பெயர் சூட்டித் தோளில் உட்கார வைத்திருக்கும் இடம் மீட்பு மையம் ஆகாது. நல்ல பாம்பைக் கையில் பிடித்துப் படமெடுத்துப் போடும் குழுவுக்கு, எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும், என் மகளை நான் அனுப்ப மாட்டேன். பதினெட்டு வயது நிரம்பாதவர்களைப் பாம்பு, குரங்கு, வௌவால், நரி ஆகியவற்றின் அருகே விடுவதில்லை என்று அவர்களே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். பொறுப்பான கால்நடை மருத்துவர் யார் என்பதும், மாலையில் பெண் பிள்ளைகளை யார் வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள் என்பதும் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகள். வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பூசியை மூன்று தவணையாகப் போட்டு முடிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பதால், மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். தனுர்வாத ஊசியையும் விட்டுவிடாதீர்கள்.

உறவினர்களுக்கு என்ன சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன். மீட்புக் குழுக்களில் முழுநேரச் சம்பள வேலை குறைவு, சம்பளமும் குறைவு. இதில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். கால்நடை மருத்துவம் படித்தால் கால்நடைப் பராமரிப்புத் துறை, சொந்த மருத்துவமனை என்று பிழைப்புக்கு வழி இருக்கும், அங்கிருந்து காட்டுயிர் மருத்துவத்துக்கும் போகலாம். விலங்கியல் பட்டம் பெற்றால் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் காட்டுயிரியல் முதுகலை இருக்கிறது. டேராடூனில் இந்திய வன உயிரின நிறுவனமும் இருக்கிறது. அதே விலங்கியல் பட்டத்தை வைத்து இந்திய வனப் பணித் தேர்வையும் எழுதலாம். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் வனவியல் பட்டம் வனத்துறைப் பணிகளுக்கு நேரான பாதை. எந்தப் பாதையானாலும் விண்ணப்பம் போடுவதற்கு முன், தான் எப்படிப்பட்டவள் என்று அவள் தெரிந்துகொண்டிருப்பாள்.

தேர்வு முடியும் பங்குனி, சித்திரை மாதங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. நாகப்பட்டினம் கடற்கரையில் தை முதல் இட்ட பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்னும் கடல் ஆமை) முட்டைகள், வனத்துறையின் பொரிப்பகங்களில் ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் பொரிந்து, குஞ்சுகள் கடலில் விடப்படும் காலம் அது. வெயில் தாங்காமல் விழும் பறவைகளும் அப்போதுதான் அதிகம். அதுவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் வடுவூர் ஏரிக்கரையில் பறவைகளைப் பார்த்து, பெயர், எண்ணிக்கை, நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வரட்டும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த ஏரி அது, உங்களுக்குக் கூப்பிடு தூரம். அதற்குமேல் தேர்வு முடியும்வரை வேண்டாம்.

குழுவில் சேரும் முதல் நாள் நீங்களும் அவளோடு போங்கள். போகும்போது வீட்டில் கிழித்துப் போட வைத்திருக்கும் பழைய வேட்டிகள், துண்டுகள், மூடியுள்ள அட்டைப்பெட்டிகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அந்த இடங்களில் அவை எவ்வளவு இருந்தாலும் போதுவதில்லை.