காணாமல் போன பிள்ளை: வழக்கை மூடிவிட்டால்?

கேள்வி: அண்ணன் மகன் 2016-ல் கோயில் கொடைக் கூட்டத்தில் காணாமல் போனான். அப்போது வயது 4. ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று போலீஸ் வழக்கை முடித்து நோட்டீஸ் தந்துவிட்டது. ஏழு வருஷம் தாண்டிவிட்டதால் இனி வழியில்லை என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: இல்லை. ஏழு வருஷக் கணக்கு சொத்து, வாரிசு விவகாரங்களில் ஒருவரை இறந்தவராகக் கருதுவதற்கானது. குற்ற வழக்கை அது கட்டுப்படுத்தாது. துப்புக் கிடைத்தால் போலீஸே கோப்பைத் திறக்கலாம்.

நீங்கள் செய்யவேண்டியது, எஃப்.ஐ.ஆர். நகலும் நோட்டீஸும் இணைத்து, வழக்கை முடித்த போலீஸ் அறிக்கை தாக்கலான நடுவர் நீதிமன்றத்தில் மனு போடுவது. ‘கூடுதல் விசாரணை’ என்றே கேளுங்கள். ‘மறுவிசாரணை’ என்று எழுதித்தான் பலர் சறுக்குகிறார்கள். முதலிலிருந்து புதிதாக விசாரிக்கச் சொல்லும் அதிகாரம் நடுவருக்குக் கிடையாது. அதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகவேண்டும். இன்னொன்று: நான்கு மாதத்தில் கிடைக்காத குழந்தையின் வழக்கை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்றவேண்டும் என்பது 2013 உச்ச நீதிமன்ற உத்தரவு. மாற்றவில்லையென்றால் மனுவின் முதல் காரணமே அதுதான்.

‘ஆதாரில் பார்த்தாச்சு’ என்ற பதிலோடு திரும்பாதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழ் கைரேகையும் கருவிழியும் எடுப்பதில்லை, படம் மட்டுமே. ஒப்பிட அங்கே எதுவும் இல்லை. மிச்சமிருப்பது டி.என்.ஏ. பெற்றோர் இருவரின் ரத்த மாதிரியையும் எடுத்துவைக்க மனுவிலேயே கேளுங்கள். ஒருவர் இல்லையென்றால், தாயத்தில் போட்டுவைத்த தொப்புள்கொடி உதவலாம். திறந்து பார்க்காமல் அப்படியே காகித உறையில் வையுங்கள்; பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், நம்மூர் மழைக்குச் சொல்லவே வேண்டாம். மொட்டையடித்த முடியில் வேர் இராது, அதனால் பயன் குறைவு.

‘காணவில்லை’ என்று நீங்கள் அச்சடிக்கும் நோட்டீஸில் பழைய படத்தை மட்டும் நம்பவேண்டாம், பையன் இப்போது வளர்ந்திருப்பான். மாறாதவற்றை எழுதுங்கள்: இரட்டைச் சுழி, மச்சம் இருக்கும் இடம், காது மடலின் வடிவம், பழைய தழும்பு. வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயரும் வேண்டும். தன் பெயர் மறந்தாலும் ‘மக்கா’ என்ற விளி நினைவிருக்கலாம். குமரிப் பிள்ளையின் பேச்சை வெளியூர்க் காப்பகத்தில் மலையாளம் என்று பதிந்திருக்கவும் வாய்ப்புண்டு. களியக்காவிளை தாண்டினால் கேரளம். ஆகவே தமிழ், மலையாளம் இரண்டிலும் அச்சடித்து, நாகர்கோவில், திருவனந்தபுரம், திருநெல்வேலி குழந்தைகள் நலக்குழுக்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கேள்வி: பிள்ளையைக் காணவில்லை என்றால் 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்களா?
– வாசகர், குளச்சல்

பதில்: அப்படி ஒரு விதியே இல்லை. உடனே அவசர உதவி எண் 112, கூடவே குழந்தைகள் உதவி எண் 1098. ரயிலில் போயிருக்கலாம் என்று பட்டால் ரயில்வே உதவி எண் 139. எல்லை எங்களுடையதல்ல என்று எந்த நிலையமும் தட்டிக்கழிக்க முடியாது. புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்பவேண்டும். சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அது புகார் வந்ததற்கான அத்தாட்சிதான், விசாரணை அதிலிருந்து தொடங்காது. குழந்தை என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம், நகல் இலவசம்.