கல்லீரல் கட்டிக்கு எதற்குக் கொலோனோஸ்கோபி?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. கல்லீரல் கட்டியில் பயாப்சி எடுத்தார்கள். ‘அடினோகார்சினோமா, சிகே7 நெகட்டிவ், சிகே20 பாசிட்டிவ், சிடிஎக்ஸ்2 பாசிட்டிவ்’ என்று ரிப்போர்ட். ஒன்று நெகட்டிவ் என்பதால் ஆறுதல் அடையலாமா? டாக்டர் ஏன் கொலோனோஸ்கோபி எடுக்கச் சொல்கிறார்?

பதில்: ‘நெகட்டிவ்’ என்று பார்த்ததும் மனசு லேசாகும். ஆனால் இங்கே அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் இல்லை. புற்றுநோய்தான் என்பதை நோயியல் மருத்துவர் செல்களின் வடிவத்தை வைத்தே முடிவு செய்துவிட்டார். ‘அடினோகார்சினோமா’ என்பது அதுதான்: சுரப்பி செல்களில் எழும் புற்று. சிகே7, சிகே20, சிடிஎக்ஸ்2 என்று ஸ்டெயின் (திசுவில் போடும் சாயச் சோதனை) போட்டது வேறொன்றைக் கேட்க: இந்த செல்களுக்குச் சொந்த ஊர் எது?

கெராட்டின் என்ற புரதம் முடியிலும் நகத்திலும் மட்டும் இருப்பதல்ல. குடல், நுரையீரல், மார்பகம் என்று உறுப்புகளின் உட்பூச்சாக இருக்கும் செல்களிலும் அதன் வகைகள் உண்டு. ‘சிகே’ என்றால் சைட்டோகெராட்டின்; சிகே7, சிகே20 அவற்றில் இரண்டு. செல் புற்றாகி வேறு உறுப்பில் போய்க் குடியேறினாலும் பிறந்த இடத்துக் கெராட்டினைப் பெரும்பாலும் விடாது. குறிப்பிட்ட கெராட்டினில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியைத் திசுவில் போடுவார்கள். அது ஒட்டிய செல் பழுப்பாகத் தெரியும், ஒட்டாதது நீலமாகவே இருக்கும்.

நுரையீரல், மார்பகப் புற்றுகளில் வழக்கமாக 7 இருக்கும், 20 இருக்காது. பெருங்குடலில் நேர் எதிர். கணையத்தில் இரண்டுமே இருக்கலாம். கல்லீரல் செல்களிலேயே பிறக்கும் புற்றில் பொதுவாக இரண்டும் இருக்காது. அப்பாவுடையது குடல் பக்கம் கைகாட்டுகிறது. குடல் செல்களின் அடையாளமான சிடிஎக்ஸ்2 அதற்கு ஒத்துப்போகிறது. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி அதற்குத்தான்.

சரி, அந்த நெகட்டிவை நம்பலாமா? ஸ்டெயின் சரியாக வேலை செய்யாவிட்டாலும் நெகட்டிவ்தானே வரும்! நல்லவேளை, கல்லீரலின் பித்தக்குழாய்களில் சிகே7 இயல்பாகவே உண்டு. அதே ஸ்லைடில் குழாய் பழுப்பாகி, பக்கத்துக் கட்டி நீலமாகவே நின்றால் நம்பலாம்.

ஆனாலும் இது கைரேகை அல்ல. வலப்பக்கக் குடல் புற்றுகள் சில சிகே20-ஐ இழந்துவிடும். மலக்குடல் புற்றுகள் சிலவற்றில் சிகே7 எட்டிப்பார்க்கும். இரைப்பை, கணையப் புற்றுகளிலும் சிடிஎக்ஸ்2 வரலாம். கொலோனோஸ்கோபியில் ஒன்றும் தென்படாவிட்டால் இரைப்பை, சிறுகுடல், குடல்வால், கணையம் என்று தேட வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒன்று. இன்னொரு டாக்டரிடம் காட்டுவதானால் ரிப்போர்ட்டோடு ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்கையும் (திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டு) கேட்டு வாங்குங்கள். ஊசி பயாப்சியில் திசு கொஞ்சம்தான் கிடைக்கும். போகிற லேபில் எல்லாம் இதே ஸ்டெயின்களைத் திரும்பப் போட விடாதீர்கள். குடல் புற்று என்று உறுதியானால், மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் ஆர்ஏஎஸ், எம்எம்ஆர் சோதனைகளுக்கு அந்தத் திசுவே தேவைப்படலாம்.