ஆறா, ஏழா?

வணக்கம் அம்மா. பி.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் எந்நேரமும் லேப்டாப்பில் புரதம் புரதம் என்று உட்கார்ந்திருக்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் கஷ்டம், எம்.எஸ்சி. வேண்டும். அதற்கான நுழைவுத் தேர்வுகளில் ஐஐடி ஜாமில் பயோடெக்னாலஜி தாள் இருக்கிறது, பயோடெக்னாலஜிக்கென்றே கேட்-பி தேர்வும் இருக்கிறது. இரண்டுக்கும் இப்போதே தயாராகட்டும்.

புரதங்களில் அவள் எடுத்திருப்பது குளோபின் குடும்பம் என்றாள். நல்ல தேர்வு. ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபின், தசையிலுள்ள மயோகுளோபின் எல்லாம் இதில் அடக்கம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினில், குளூட்டாமிக் என்ற அமிலம் ஒன்றின் இடத்தில் வாலின் என்ற வேறு அமிலம் வந்து உட்கார்ந்தால் அரிவாள் செல் நோய். நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் இதற்கான மரபுக்கூறு இருப்பதை 1952-லேயே கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள்.

அந்த மாற்றம் சங்கிலியில் எத்தனையாவது இடத்தில் என்று அவளைக் கேட்டேன். "6" என்றாள், பாடப்புத்தகம் சொல்வதுபோல. புரதங்களின் அமில வரிசையைத் தரும் யூனிப்ராட் தரவுத்தளத்தில் பீட்டா குளோபினுக்கான பி68871 பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அங்கே 7. நோய் மாற்றங்களைத் தொகுக்கும் கிளின்வாரிலும் 7. புரத வடிவங்கள் இருக்கும் பிடிபி-யில் மறுபடியும் 6! யார் மேலும் தப்பில்லை. இந்தப் புரதத்தைக் கட்டும்போது செல் முதலில் வைக்கும் மெத்தியோனின் என்ற அமிலத்தைப் பிறகு வெட்டிவிடுகிறது. சிலர் அதையும் சேர்த்து எண்ணுகிறார்கள், சிலர் எண்ணுவதில்லை. இதைக் கவனிக்காமல் மூன்றையும் ஒரே எக்செலில் ஒட்டினால், நோய் பக்கத்து அமிலத்தின் தலையில் விழும். யூனிப்ராட்டின் 7-ஐ பிடிபி-யின் 7 என்று எடுத்தால், அந்தப் பக்கத்து அமிலமும் குளூட்டாமிக்தான் என்பதால் அமிலத்தைக் குறிக்கும் எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தாலும் பிழை பிடிபடாது. யூனிப்ராட் எண்ணையும் பிடிபி எண்ணையும் பொருத்திக் காட்ட சிஃப்ட்ஸ் என்ற அட்டவணை இருக்கிறது; அதை இணைத்துப் பழகச் சொல்லியிருக்கிறேன்.

தரவை டவுன்லோடு செய்ய யாராலும் முடியும். இப்படி இடிக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பவளைத்தான் நேர்காணலில் நான் தேடுவேன். அதற்குப் பைத்தான் நிரல்மொழியும், தரவுத்தளத்தில் தேட உதவும் எஸ்கியூஎல் கொஞ்சமும் போதும். மெஷின் லேர்னிங் எல்லாம் பிறகு.

60,000 ரூபாய் சான்றிதழ் வகுப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்ட வேண்டாம் அம்மா. மேலே சொன்ன தரவுத்தளங்கள் அத்தனையும் இலவசம். அந்தப் பணத்தை எம்.எஸ்சி. ஹாஸ்டலுக்கு எடுத்து வையுங்கள்.