ஈனப்போகும் கறவை மாடு: நோயை முன்கூட்டிக் கணிப்பது எப்படி? (கேள்வி பதில்)

கேள்வி: நாலாம் ஈத்து ஜெர்சி கலப்பு. போன ஈத்துல பால் காய்ச்சல் வந்து படுத்துடுச்சு. இந்த வாட்டியும் வருமா சார்?

பதில்: வர வாய்ப்பு அதிகம். மூன்று ஈத்துக்கு மேல், ஜெர்சி ரத்தம், முன்பே ஒருமுறை வந்தது என எல்லாமே சேர்ந்திருக்கிறது. பால் காய்ச்சல் என்பது ரத்தத்தில் கால்சியம் குறைவதால் வருவது. ஈன்ற முதல் 24 மணி நேரத்தில்தான் அது அடிமட்டத்துக்கு இறங்கும். அன்று ராத்திரியும் ஆள் பக்கத்தில் இருக்கட்டும். காது சில்லிட்டு, பின்னங்கால் தள்ளாடினால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

கேள்வி: அதுக்குத்தான் சினையிலேயே தினமும் கால்சியம் டானிக் ஊத்துறேன்.

பதில்: கடைசி மூன்று வாரம் நிறுத்துங்கள். தீவனத்திலேயே தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் வேலையை உடம்பு விட்டுவிடும். மடி திடீரென்று இழுக்கும்போது அது மறுபடி தொடங்க ஓரிரு நாளாகும், மாடு அதற்குள் படுத்துவிடும். ஈன்ற அன்று கொடுப்பது வேறு, அது நல்லது. குதிரை மசாலையும் உரம் ஏறிய கோ-4 புல்லையும் குறையுங்கள். அவற்றில் இருக்கும் பொட்டாசியமும் இதே கெடுதலைச் செய்யும்.

கேள்வி: கீட்டோசிஸுக்கு எப்போ, எப்படி டெஸ்ட் பண்றது?

பதில்: கீட்டோசிஸ் என்பது உடம்புக் கொழுப்பு அதிகம் கரைந்து, ரத்தத்தில் கீட்டோன் கூடிவிடும் நோய். ஈன்ற 3 முதல் 14 நாளுக்குள், வாரம் இரண்டு முறை பாருங்கள். கையடக்க கீட்டோன் மீட்டர், வால் நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் போதும். மீட்டர் காட்டும் பிஎச்பி (ரத்தத்தில் உள்ள ஒரு கீட்டோன்) லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தொட்டாலே உள்ளுக்குள் நோய் தொடங்கிவிட்டது. வயிற்றடியில் புடைத்திருக்கும் பால் நரம்பில் குத்தாதீர்கள். அது மடியிலிருந்து திரும்பும் ரத்தம். பிஎச்பியை மடி எடுத்துக்கொண்டிருக்கும், அளவு குறைத்துக் காட்டும். தாண்டியிருந்தால் புரோப்பிலீன் கிளைக்கால் தினம் 300 மில்லி, ஐந்து நாள். குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றினால் சில மணி நேரம்தான் தாங்கும்.

கேள்வி: ஈனுறதுக்கு முன்னாடியே தெரியாதா?

பதில்: லேபில் நெஃபா, அதாவது ரத்தத்தில் கலக்கும் கொழுப்பு அமிலத்தின் அளவு, பார்க்கலாம். சினையின் கடைசி இரண்டு வாரத்தில் லிட்டருக்கு 0.3 மில்லிமோலுக்கு மேல் போனால் உடம்புக் கொழுப்பு கரைகிறது என்று அர்த்தம். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பேன். தினமும் தொட்டியில் மிஞ்சும் தீவனத்தை எடை போடுங்கள், அது கூடிக்கொண்டே போனால் எச்சரிக்கை. வாலடியின் இருபுறப் பள்ளமும் கொழுப்பால் மூடி, விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாத மாடுதான் அதிகம் மாட்டிக்கொள்ளும். அதற்காகச் சினையில் பட்டினி போட்டு இளைக்க வைக்காதீர்கள், கல்லீரலில் கொழுப்பு படியும்.

கேள்வி: ஈன்று பத்து நாள். அடர்தீவனத்தை முகர்ந்துட்டு விட்டுடுது, வைக்கோல் மட்டும் கடிக்குது.

பதில்: கீட்டோசிஸ்தான் முதல் சந்தேகம். இன்றே பிஎச்பி பாருங்கள். இடது விலாவில் விரலால் சுண்டி, ஸ்டெதஸ்கோப்பில் கிண்ணென்று கேட்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டால் நான்காம் இரைப்பை இடம் மாறியிருக்கலாம், அதற்கு மருந்து மட்டும் போதாது.